ஏழு டிகிரி என்று எழுதிய தாள்கள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, நான் வேலை செய்யும் கட்டிடத்தை வெளியிலிருந்தாவது காட்டலாம் என்று உங்கள் இருவரையும் அழைத்துப் போனேன். வாசல் சுவரில் பதித்திருக்கும் நட்சத்திரப் பலகையைப் பார்த்துவிட்டு நீங்கள் கை தட்டினீர்கள். பெரியவள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். "அப்பா, கரண்ட் மிச்சம் பண்ணினா ஸ்டார் தருவாங்கன்னு எங்க புக்ல இருக்கு. இது நீங்க வாங்கினதா?" என்று சின்னவள் கேட்டாள். பஸ் வருகிறது என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பதில் கொஞ்சம் நீளம். அதனால் எழுதுகிறேன். டெல்லியில் வளர்ந்த உங்களுக்குத் தமிழ் மெதுவாகத்தான் வாசிக்க வரும். பரவாயில்லை, எனக்கும் மெதுவாகத்தான் எழுத வருகிறது. பத்தாம் வகுப்பு, அதற்கப்புறம் ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக், அவ்வளவுதான் என் படிப்பு. புரியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். அவளுக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். என்னைத் திட்டிக்கொண்டே சொல்வாள்.

அது அரசாங்கக் கட்டிடம், ஏழு மாடி. மேலே அதிகாரிகள் இருப்பார்கள். நாங்கள் தரைக்கு அடியில், பிளாண்ட் ரூமில் இருப்போம். அங்கே லாரி அளவுக்குப் பெரிய இரண்டு மெஷின்கள் இருக்கின்றன. சில்லர் என்று பெயர். அவற்றின் வேலை தண்ணீரைக் குளிர வைப்பது. அந்தத் தண்ணீர் குழாய் வழியாக எல்லா மாடிக்கும் ஏறும். அங்கே காற்றாடி அதன் மேல் ஊதும். அதிகாரிகளின் அறை ஜில்லென்று ஆகும். அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் திரும்பி வரும். அந்தச் சூடு மொட்டை மாடியில் தண்ணீரைத் தெளித்து ஆற வைக்கும் டவர் வழியாக வெளியே போகும். மேலே ஏறும் தண்ணீர் ஏழு டிகிரியில் இருக்க வேண்டும் என்பது காண்ட்ராக்டில் எழுதியிருக்கும் விதி. இந்த ஏழை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசாங்க ஊழியன் இல்லை. காண்ட்ராக்ட் கம்பெனியின் ஆள். வருடா வருடம் பெயரைப் புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் விடலாம். என்னோடு இன்னொரு ஆபரேட்டர் இருந்தார். பீகார்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'பாயி' என்று கூப்பிடுவேன். அவர் என்னை 'மதராஸி' என்பார். நான் கள்ளக்குறிச்சிக்காரன் என்று எத்தனை முறை சொன்னாலும், "அச்சா, கள்ளக்குறிச்சி மதராஸி" என்பார். நாங்கள் இந்தியில்தான் பேசிக்கொள்வோம். உங்களுக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மின்சாரத்தை மிச்சப்படுத்தப் போகிறோம் என்று யார் வந்தாலும், இந்த முறை யாருடைய வேலை போகும் என்றுதான் நான் பார்ப்பேன். சும்மா இல்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன். டியூப் லைட்டை எல்லாம் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டார்கள். நல்லதுதான். ஆனால் டியூப் மாற்றிக்கொண்டிருந்த இரண்டு எலக்ட்ரீஷியன்களில் ஒருவர் போனார். ஆள் நடந்தால் எரிந்து, ஆள் போனால் அணையும் விளக்கு வந்தது. சாயங்காலம் மாடி மாடியாக ஏறி ஸ்விட்சை அணைத்துவந்தவர் போனார். புது லிஃப்ட் வந்தது. லிஃப்ட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவரிடம், "உனக்கு வேற இடம் கண்டிப்பா உண்டு" என்று கைகொடுத்து அனுப்பினார்கள். முனிர்காவில் நம் தெருமுனையில் நீங்கள் மோமோ வாங்குகிறீர்களே, அவர்தான் அந்த லிஃப்ட்காரர்.

ஆகவே ஒரு காலையில் பிளாண்ட் ரூம் கதவில் அந்தச் சுற்றறிக்கை ஒட்டியிருந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அரசாங்கக் கட்டிடங்கள் எல்லாம் எவ்வளவு மின்சாரம் தின்கின்றன என்று அளக்க வேண்டுமாம், பிறகு குறைக்க வேண்டுமாம். ஏ.சி.யை இருபத்துநாலுக்குக் கீழே வைக்கக் கூடாதாம். போகப் போகக் கரிப்புகையே இல்லாத கட்டிடமாக மாற வேண்டுமாம்.

பாயி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நம்ம கட்டிடத்துல எவன்டா புகை விடுறான்? என் பீடியைச் சொல்றாங்களோ?"

"கரண்ட் தயாரிக்கிற இடத்துல நிலக்கரி எரியுது இல்ல, அதைச் சொல்றாங்க பாயி."

"அங்க எரியறதுக்கு இங்க எதுக்கு ஆள் அனுப்பறான்? மதராஸி, இது நம்ம தலைக்கு வர்ற கத்தி."

நானும் அப்படித்தான் நினைத்தேன். அதோடு, வெளியே சொல்ல முடியாத பயம் ஒன்றும் எங்கள் இருவருக்கும் இருந்தது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். அப்பாவைப் பற்றிக் கெட்டதாகத்தான் இருக்கும்.

பிளாண்ட் ரூமில் ஒரு லாக் புக் உண்டு. மணிக்கு ஒரு முறை எழுந்து போய், குழாயில் இருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து, தண்ணீர் எத்தனை டிகிரி, எந்த மெஷின் ஓடுகிறது என்றெல்லாம் எழுத வேண்டும். நான் சேர்ந்த முதல் வாரம் அப்படித்தான் எழுதினேன். ஒன்பது, ஒன்பதரை, பத்து. இருப்பதை எழுதினேன். சூபர்வைசர் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். "ஏழுன்னு எழுதத் தெரியாதா? காண்ட்ராக்ட் போயிடும்" என்றார். எனக்கு முன்னால் இருந்த ஆபரேட்டர்களும் அப்படித்தான் எழுதினார்களாம். பாயி எனக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தார். காலையில் உட்கார்ந்து மொத்த ஷிஃப்ட்டுக்கும் ஒரே மூச்சில் எழுதிவிட வேண்டும். ஆனால் ஏழு, ஏழு, ஏழு என்று எழுதினால் சந்தேகம் வரும். அதனால் 7.1, 7.0, 7.2, மறுபடி 7.1. இரண்டு மெஷினும் ஓடும் நாளில்கூட ஒன்றுதான் ஓடுகிறது என்று எழுத வேண்டும். சூபர்வைசர் கையெழுத்துப் போடுவார்.

பல வருடங்கள் இப்படி எழுதினேன். அந்த மெஷினுக்கு உண்மையில் நோய் இருந்தது. டெல்லித் தண்ணீரில் உப்பு அதிகம். நம் வீட்டுக் குழாய் முனையில் வெள்ளையாகக் காரை கட்டுமே, அதே காரை மெஷினுக்குள் இருக்கும் செம்புக் குழாய்களிலும் கட்டியிருந்தது. சூடு வெளியே போக வழியில்லை. ஒரு மெஷின் செய்ய வேண்டிய வேலையை இரண்டும் சேர்ந்து, மூச்சு வாங்கிச் செய்துகொண்டிருந்தன. தாளில் மட்டும் ஆரோக்கியம்.

அளக்க வந்தது ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. ஹெல்மெட், பை, கையில் லேப்டாப். நொய்டாவில் ஏதோ கம்பெனி. எங்கள் மேஜை மேல் தொங்கும் தமிழ்த் தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட்டு, "இது யாரோடதுண்ணே?" என்று தமிழில் கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னோடதுதான் மேடம்."

"மேடம் எல்லாம் வேணாம்ணே. எனக்கு மதுரை. இங்க தமிழ் கேட்டே நாளாச்சு."

அன்று சாயங்காலம் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு வீட்டுச் சமையலை முடித்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"டெல்லியில அவங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையா? தமிழ்க்காரி போனா இந்த ஆள் வாயைத் திறப்பான்னு பார்த்து அனுப்பியிருக்காங்க. நாளைக்கு 'அண்ணே'ன்னு கூப்பிட்டா உடனே பல்லைக் காட்டிக்கிட்டு எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டு வராதீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"அதைவிட மோசம். யாராவது தமிழ் பேசினா வீட்டுச் சாவியையே குடுத்துடுவீங்க."

மறுநாள் அந்தப் பெண் தீப்பெட்டி அளவில் சின்னச் சின்னப் பெட்டிகளைக் கொண்டுவந்து குழாய்களில் கட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை வெளிச்சம் மினுக்கும். தானாகவே நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து எழுதிக்கொள்ளுமாம், இரண்டு வாரம் இருக்குமாம். பெட்டியில் எண் தெரிந்தது. 9.8. எங்கள் மேஜையில் திறந்து கிடந்த லாக் புக்கில் அதே நேரத்துக்கு 7.1 என்று என் கையெழுத்து. புத்தகத்தை மெதுவாக மூடினேன்.

அவள் போனதும் பாயி அந்தப் பெட்டியை சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுல கேமரா இருக்கு" என்றார்.

"டிகிரி பாக்கிற மெஷினு பாயி."

"டிகிரி பாக்க எதுக்குக் கண்ணடிக்குது?" என்று சொல்லித் தன் துண்டை எடுத்து அதன் மேல் சுற்றிவிட்டார். மறுநாள் அவள் வந்து அந்தத் துண்டை அவிழ்த்து மடித்து என்னிடம் கொடுத்தாள். "இதுக்குக் குளிராதுண்ணே" என்றாள். சிரித்தாளா, குத்தினாளா என்று எனக்குத் தெரியவில்லை. பழைய லாக் புக்குகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

இனி எங்களுக்குத் தூக்கம் ஏது? பொய்த் தாள் எழுதினால் உடனே நீக்கலாம் என்று காண்ட்ராக்டிலேயே இருக்கிறது. எழுதச் சொன்னவர் பெயர் அதில் இருக்காது, எழுதினவன் பெயர்தான் இருக்கும். வேலை போனால் முனிர்கா அறை போகும். லக்ஷ்மிபாய் நகர் பள்ளிக்கு நீங்கள் போகும் பஸ்ஸும் போகும். அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தாளை மாற்ற முடியாது, அது அவள் கையில். அப்படியானால் மெஷினை மாற்றுவோம். மீதி நாட்களுக்காவது பெட்டி ஏழு என்று காட்டட்டும். முதல் சில நாள் ஏதோ கோளாறு என்று போய்விடும்.

சனி, ஞாயிறு ஆபீஸ் லீவு. பாயியும் நானும் யாருக்கும் சொல்லாமல் வந்தோம். மெஷினின் ஓரத்து இரும்பு மூடியைச் செயின் கட்டித் தூக்கினோம். உள்ளே நூற்றுக்கணக்கான செம்புக் குழாய்கள். சில குழாய்களின் வாயில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. நீளக் கம்பியில் பிரஷ் கட்டி ஒவ்வொன்றாகக் குத்திக் குத்தி எடுத்தோம். மறுநாள் மொட்டை மாடி டவரில் இறங்கிச் சேற்றை வழித்தோம். காரை மட்டும் அரை மூட்டை வந்தது. வெளியே கொட்டினால் வாசல் காவலாளி கேட்பான் என்று அந்த மூட்டையைப் பம்ப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம். வருடத்துக்கு இரண்டு முறை செய்ததாகத் தாளில் இருந்த வேலை அது. எனக்குத் தெரிந்து அன்றுதான் முதல் முறை நடந்தது.

திங்கள் காலை ஒரே மெஷினை ஓட்டினோம். பதினோரு மணிக்குப் பெட்டியில் 7.2. பாயி குழாயைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். நானும் தொட்டுப் பார்த்தேன். கை விறைத்தது. இத்தனை வருடம் நான் எழுதிய எண்ணை அன்றுதான் குழாயில் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷம் புதன்கிழமை வரைதான். சூபர்வைசர் கீழே இறங்கி வந்தார். பாயி டவர் பக்கம் போயிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது.

"மெஷினைத் திறக்க உன்னை எவன் சொன்னது?"

நான் நல்லது செய்ததாகத்தான் நினைத்திருந்தேன். "சாப், டெம்பரேச்சர் ஏழுக்கு வந்துடுச்சு..."

"அதான் கேக்கிறேன். ஏன் வந்துச்சு?"

அப்புறம் கோபத்தில் அவரே கொட்டியதில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. மெஷின் கெட்டுப்போயிருக்கிறது என்று அந்தப் பெண்ணின் பெட்டிகள் காட்ட வேண்டும். அப்போதுதான் புது மெஷின் போட உத்தரவு வரும். போடப்போவது எங்கள் கம்பெனி. ஃபோனிலிருந்தே ஓட்டக்கூடிய மெஷின். கீழே ஒரு ஆள் போதும். நான் யாரைப் பார்த்துப் பயந்தேனோ அவள் பெட்டி கட்ட மட்டும்தான் வந்திருந்தாள்.

சூபர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "பார், அந்த மேடம் கேட்டா இப்படிச் சொல்லு. ஞாயித்துக்கிழமை பெட்டி கழண்டு விழுந்துச்சு, நான்தான் தப்பா மாட்டிட்டேன். அவ்வளவுதான். ரெண்டாவது வாரக் கணக்கைத் தூக்கிப் போட்டுடுவாங்க. புது மெஷினுக்கு ஒரு ஆள் வேணும். அது நீதான். கண்டிப்பா."

அந்தக் 'கண்டிப்பா'வைக் கேட்டதும் எனக்கு மோமோ வண்டிதான் ஞாபகம் வந்தது. இருந்தாலும் ஒரு நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பொய், எழுதிய ஆயிரம் பொய்யோடு ஆயிரத்தொன்று. பாயியிடம் இதைச் சொல்லவில்லை. அவர் வேலை போய் என் வேலை நிற்கும் என்பதை எந்த வாயால் சொல்வது?

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். ஒரு கோடு உயரத்தில் போய்க்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை காலையில் மாடியிலிருந்து குதித்த மாதிரி கீழே விழுந்திருந்தது.

"சனி ஞாயிறுல என்னண்ணே நடந்துச்சு?"

"பெட்டி..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

அவள் பையிலிருந்து எங்கள் லாக் புக்கை எடுத்தாள். பென்சிலால் பக்கம் பக்கமாகக் குறித்திருந்தாள். "இங்க பாருங்க. ஜூன் மாசம் வெயில்லயும் ஏழு, மார்ச்லயும் ஏழு. மூணு நாளைக்கு ஒரு தடவை அதே வரிசை திரும்பி வருது. ஒரு மெஷின்தான் ஓடுச்சுன்னு புக் சொல்லுது. கரண்ட் மீட்டர் ரெண்டு ஓடுச்சுன்னு சொல்லுது. புக்கு எனக்கு வேணாம்ணே. உங்களைப் பிடிக்கவும் நான் வரல. அந்த ரெண்டு நாள் என்ன செஞ்சீங்க, அது மட்டும் சொல்லுங்க."

"சொன்னா எங்க வேலை நிக்குமா?"

அவள் யோசித்தாள். "தெரியலண்ணே. அது என் கையில இல்ல. நிக்கும்னு நான் சொன்னா பொய்யாயிடும்."

அந்தக் கட்டிடத்தில் வேலை நிற்குமா என்று நான் கேட்டதற்கு, தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். மற்ற எல்லோரும் கண்டிப்பாக நிற்கும் என்றுதான் சொன்னார்கள். நான் எழுந்து பம்ப்புக்குப் பின்னால் போய் அந்த மூட்டையை இழுத்துவந்து அவள் காலடியில் அவிழ்த்தேன்.

"இதும்மா. குழாய்க்குள்ள இருந்தது."

ஒரு துண்டை எடுத்து விரலால் நொறுக்கிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேர் மட்டுமா எடுத்தீங்க?"

"ஆமாம்மா. நானும் பாயியும்." பிறகு தாள் கதையையும் சொன்னேன். யார் எழுதச் சொன்னார்கள் என்பதுவரை.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "சாவியைக் குடுத்துட்டீங்களா?" என்றாள். கொடுத்துவிட்டேன் என்றேன். அவள் என் தட்டில் சோறு கொஞ்சம் கூடுதலாக வைத்தாள்.

அடுத்த சில மாதங்கள் கதவு திறக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் திடுக்கிட்டேன். ஒருவழியாக அவள் எழுதிய அறிக்கை வந்தது. புது மெஷின் இப்போது வேண்டாம், இருப்பதை ஒழுங்காகச் சுத்தம் செய்தால் ஒன்றே போதும். பழைய தாள்களை நம்ப வேண்டாம். எங்கள் பெயர் எங்கும் இல்லை. சூபர்வைசர் வேறு இடத்துக்குப் போனார். அது தண்டனையா, பதவி உயர்வா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு மெஷின் போதும் என்று ஆனதும், கம்பெனி ஒரு ஆபரேட்டரும் போதும் என்றது. மூத்தவருக்குச் சம்பளம் அதிகம். பாயியைக் குர்காவ் பக்கம் ஒரு கட்டிடத்துக்கு அனுப்பினார்கள். வீட்டிலிருந்து போய்ச் சேர இரண்டு மணி நேரம். கடைசி நாள் தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், சூபர்வைசர் எனக்கு ஆசை காட்டியது உட்பட.

"நீ சொன்னது சரிதான், மதராஸி" என்றார். "ஆனா குழாயைக் குத்தினது ரெண்டு பேர். சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. ஹோலிக்கு ஃபோன் செய்தேன். எடுத்தார். அங்கே பிளாண்ட் ரூமில் சிக்னல் கிடைக்காது என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்கு அடுத்த வருடம்தான் அந்த நட்சத்திரப் பலகை வந்தது. ரிப்பன் வெட்டினார்கள். எங்களைக் கூப்பிடவில்லை, லட்டு மட்டும் கீழே வந்தது. அந்தப் பலகை பொய் இல்லை. அந்த வருடம் மின்சாரம் உண்மையிலேயே குறைந்தது, மீட்டரை நானே பார்த்தேன். ஆனால் பலகையை ஒரு முறை பதித்தால் அது பாட்டுக்கு மின்னும். குழாயில் காரை மறுபடி மறுபடி கட்டும்.

போன வாரம் டவரில் தண்ணீர் தெளிக்கும் முனைகள் அடைத்துக்கொண்டன. வெளியே நல்ல வெயில். நான் தாளில் 8.3 என்று எழுதினேன். புதிதாக வந்திருக்கும் சூபர்வைசர் நல்ல மாதிரிதான், சிரித்த முகம். தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணா, வாசல்ல பலகை இருக்கு. ஏழுன்னு எழுதினா என்ன ஆகிடப்போகுது?" என்று இந்தியில் கேட்டார்.

எனக்கு அடுத்த மாதம் பெயர் புதுப்பிக்கும் மாதம். அது அவருக்கும் தெரியும்.

"மேல ஏறி முனையைக் குத்திட்டு வந்தா சாயங்காலம் ஏழுன்னு எழுதலாம் சாப்" என்றேன். "ஏணி பிடிக்க ஒரு ஆள் வேணும்."

அவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். யாரையும் அனுப்பவில்லை. நான் தனியாகத்தான் ஏறினேன். நான்கு மணிக்கு 7.4 வந்தது. 7.4 என்றே எழுதினேன். அவர் அதில் கையெழுத்துப் போட்டார். ஆனால் என் 8.3-ஐ அவர் தன் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

அதனால்தான் சின்னவளே, நீ கேட்டபோது நான் பஸ்ஸைக் காட்டினேன். ஸ்டாரை நான் வாங்கினேனா என்றால், பாதியை வாங்கினவர் குர்காவில் இருக்கிறார். அடுத்த முறை போட்டோ எடுக்கும்போது கை தட்ட வேண்டாம். உங்களை உள்ளே விடச் சொல்லி நான் கேட்கிறேன், முதலில் கீழே வாருங்கள். குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கை தட்டலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.